ஆடிப்பட்டம் எங்கெங்கே பொருந்தும்?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழியை அறியாத விவசாயி நம்மிடையே இரார். ஆயினும், கோயில்பட்டிக் கரிசலில் மானாவாரிப் பருத்தி பயிரிடும் ஓர் அங்கத்தினர் இப்பழமொழியை நம்பி ஆடி மாதத்தில் விதையை ஊன்றுவாராயின், அவ்விதை புழுதியில் கிடந்து வீணாகும். அவர் புரட்டாசியின் பிற்பகுதியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ விதைப்பவர். தர்மபுரிச் செம்மண்ணில் நிலக்கடலை போடும் அங்கத்தினரோ ஆடியைக் கைநழுவ விட்டால் அவ்வாண்டின் மகசூலில் பெரும்பகுதியை இழந்துவிடுவார். இவ்விருவரும் ஒரு மாநாட்டில் சந்தித்து, விதைப்பு மாதம் எது என்று வாதிட்டால் வாதம் முடியாது. ஏனெனில் இருவர் சொல்வதும் உண்மையே.

அப்படியானால் பழமொழி பொய்யா? பொய்யன்று. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. தென்மேற்குப் பருவமழையை நம்பிப் பயிர் செய்யும் பூமியில் பிறந்த பழமொழி அது. அந்த எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பழமொழி சொல்வதில்லை. அதைச் சொல்ல முயல்வதே பூகோள அறிஞரின் வேலை. ஒரு நாட்டை இயற்கைப் பிரிவுகளாக அவர்கள் எவ்வாறு வகுக்கிறார்கள், அவர்கள் இடும் கோடுகளால் நம் வயலுக்கும் தறிக்கும் விளையும் லாப நஷ்டம் யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஆட்சிப் பிரிவும் இயற்கைப் பிரிவும்

நம் நிலத்தின் முகவரியைக் கேட்டால் கிராமம், பிர்க்கா, தாலுகா, ஜில்லா என்று சொல்லுகிறோம். இவை வரி வசூலுக்காகவும் நிர்வாகத்துக்காகவும் மனிதர் வகுத்த பிரிவுகள். அரசாங்க உத்தரவு ஒன்றினால் ஒரு ஜில்லா இரண்டாகலாம். ஒரு தாலுகா ஒரு ஜில்லாவிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். மழையும் மண்ணும் அந்த உத்தரவைப் படிப்பதில்லை.

கோயம்புத்தூர் ஜில்லாவை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் நகரில் ஓர் ஆண்டில் பெய்யும் சராசரி மழை 700 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே ஜில்லாவைச் சேர்ந்த வால்பாறையிலோ 3,000 மில்லிமீட்டருக்கும் அதிகம். ஓரிடத்தில் சோளமும் பருத்தியும், மற்றோரிடத்தில் தேயிலை. இவ்விரண்டையும் கூட்டிச் சராசரி கண்டு, "இந்த ஜில்லாவின் மழை இவ்வளவு" என்று எழுதினால், அந்த எண் இரண்டு இடங்களுக்கும் பொருந்தாது.

இதற்கு மாறாக, நிலத்தின் தோற்றம், தட்பவெப்பம், மண், தாவரம் ஆகியவை ஏறத்தாழ ஒரே தன்மையாய் அமைந்த பரப்பை ஒரு பிரிவாகக் கொள்வது இயற்கைப் பிரிவு எனப்படும். அதன் பயனை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: ஒரு பிரிவுக்குள் ஒருவர் வயலில் பலித்தது, அதே பிரிவிலுள்ள மற்றொருவர் வயலிலும் பலிக்கக்கூடும், எல்லையைக் கடந்தால் அந்த உறுதி இல்லை.

நம் முன்னோர் வகுத்த நிலம்

நிலத்தை இவ்வாறு தன்மை நோக்கிப் பகுத்தல் தமிழருக்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் நானிலத்தைத் தொல்காப்பியம் கூறுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், அந்நிலத்து மரம், விலங்கு, உணவு, தொழில் முதலியன கருப்பொருள் எனவும் அந்நூல் கொள்கிறது. இன்றைய பூகோள நூலாரும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் செல்கிறார்கள்: முதலில் தரையும் பருவமும்; அவற்றை ஒட்டித் தாவரமும் தொழிலும்.

பாலையைப் பற்றி நம் இலக்கியம் கூறுவது இன்னும் சிந்திக்கத்தக்கது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்தபோது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் காட்டுகிறது. அதாவது, பாலை என்பது நிலையான ஓர் இடமன்று. ஓர் இடம் அடையும் நிலை. நிலத்தின் எல்லை காலத்தோடு அசையும் என்னும் உண்மை இதனுள் அடங்கியிருக்கிறது. இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம். இனி, நாடு முழுவதையும் நோக்கி அறிஞர்கள் கைக்கொள்ளும் அளவுகோல்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் அளவுகோல்: தரையின் தோற்றம்

நாட்டைப் பிரிக்க முற்படும் அறிஞர் முதலில் காண்பது மேடு பள்ளங்களை. பாரத நாட்டின் பரப்பு ஏறத்தாழ 32 லட்சத்து 87 ஆயிரம் சதுர கிலோமீட்டர். இதில் நூற்றுக்கு 43 பங்கு சமவெளி. எஞ்சியவை மலையும் குன்றும் பீடபூமியும். ஆனால் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. அந்த மேடு எப்படி உண்டாயிற்று என்றும் கேட்க வேண்டும்.

வடக்கே இமயமலை. இரு பெரும் நிலத்தட்டுகள் மோதியதால் மடிந்தெழுந்த இளம் மலை அது, இன்றும் உயர்ந்துகொண்டிருக்கிறது. அதன் அடியில் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆகிய ஆறுகளும் அவற்றின் கிளைகளும் கொணர்ந்து கொட்டிய வண்டலாலான வட சமவெளி. அதற்குத் தெற்கே, மிகப் பழைய பாறைகளாலான தீபகற்பப் பீடபூமி. இது மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்தது. ஆகவேதான் கோதாவரியும் கிருஷ்ணாவும் காவிரியும் மேற்குக் கடலுக்கு அருகிலே பிறந்தும், கிழக்குக் கடலை நாடி நெடுந்தூரம் ஓடுகின்றன. நருமதையும் தபதியும் நிலப்பிளவுகளின் வழியே மேற்கு நோக்கிச் செல்வன. இவற்றோடு மேற்கே பாலைவனமும், இரு புறமும் கடற்கரைச் சமவெளிகளும், கடலில் தீவுகளும் சேர்ந்தால், பள்ளிப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கும் ஆறு பெரும் பிரிவுகள் நிறைவுறும்.

இவ்வாறு பிரிப்பதால் நமக்கென்ன பயன் என்று சிலர் கேட்கலாம். கிணற்றை எண்ணிப் பார்ப்போம். வட சமவெளியில் வண்டல் ஆழம் மிகுந்தது. அதன் மணற்படுகைகளில் நீர் நிறையத் தங்கும். நம் பீடபூமியிலோ சில அடி மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளிலும் சிதைந்த பகுதியிலும் மட்டுமே நீர் நிற்கும். அங்கே குழாய்க்கிணறு கண்ட வெற்றியை இங்கே எதிர்பார்த்துக் கடன் பட்டவர் எத்தனையோ பேர். தரையின் பிறப்பை அறியாது தோண்டிய கிணறு பாறையைத்தான் காட்டும்.

இரண்டாம் அளவுகோல்: மழையும் வெயிலும்

தரை ஒன்றாயிருந்தும் மழை வேறானால் விளைவு வேறாகும். பிரிட்டிஷ் பூகோள அறிஞர் ஹெர்பர்ட்சன், 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், தரையமைப்பு, தட்பவெப்பம், தாவரம் ஆகியவற்றை ஒருங்கே நோக்கி உலகைப் பெரும் இயற்கைப் பிரதேசங்களாக வகுத்துக் காட்டினார். அவருக்குச் சற்று முன்பே கெப்பன் என்னும் அறிஞர், தாவரங்களையே சாட்சியாகக் கொண்டு உலகின் தட்பவெப்ப நிலைகளை வகைப்படுத்தத் தொடங்கியிருந்தார். மரஞ்செடிகள் பல ஆண்டு மழையையும் வெயிலையும் தம் உடலில் கணக்கெழுதி வைத்திருக்கின்றன என்பது அவருடைய கருத்து.

மழையின் அளவு மட்டுமன்று, அது பெய்யும் மாதமும் பிரிவை மாற்றும். நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமே மழைக்காலம். சோழமண்டலக் கரையிலோ ஐப்பசி, கார்த்திகையில் வீசும் வடகிழக்குப் பருவமே முக்கியம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இப்பருவத்தில் கிடைக்கிறது. கெப்பனின் முறையில் நம் கிழக்குக் கரை தனிக் குறியீடு பெற்று நிற்பது இக்காரணத்தாலேயே.

இதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையே முதற்காரணம். தென்மேற்குக் காற்று மலைமீது மோதி மேலெழும்பிக் குளிர்ந்து மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது வறண்ட காற்றாக வருகிறது. இம்மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசல்போல் அமைந்திருக்கிறது. அவ்வழியே காற்று நுழைந்தாலும், பாலக்காட்டில் பெய்யும் மழையில் பாதிகூடக் கோயம்புத்தூருக்குக் கிடைப்பதில்லை. இரண்டுக்கும் இடையே தூரம் ஐம்பது கிலோமீட்டரளவே.

விவசாயிக்கு இன்னும் நெருக்கமான ஓர் அளவையும் பிற்காலத்தார் கண்டனர். மழை நீரும் மண்ணில் தேங்கிய ஈரமும் சேர்ந்து, வெயிலும் காற்றும் இழுக்கக்கூடிய நீரில் பாதிக்குமேல் ஈடுசெய்யும் நாட்கள் ஆண்டில் எத்தனை என்று எண்ணுவதே அம்முறை. அத்தகைய நாட்கள் 90க்குக் குறைந்தால் அது வறண்ட பிரதேசம். 90 முதல் 150 வரை இருந்தால் அரைவறட்சிப் பிரதேசம். 150 நாள் வயதுள்ள பயிரை 100 நாள் ஈரமுள்ள நிலத்தில் மானாவாரியாக இட்டால் என்ன ஆகும் என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் அளவுகோல்: மண்ணும் தாவரமும்

பெய்த மழையைப் பிடித்து வைப்பது மண். ஒரே நாளில் ஒரே அளவு மழை பெய்தாலும், ஆழமான கரிசலில் ஈரம் பல வாரம் நிற்கும்; சரளை கலந்த மேட்டுச் செம்மண்ணில் சில நாட்களிலேயே வற்றிவிடும். ஆகையால் முன்சொன்ன ஈரநாட்களின் கணக்கும் மண்ணைப் பொறுத்தே மாறும்.

இங்கே நிறத்தை மட்டும் கண்டு ஏமாறலாகாது. மராட்டியத்துக் கரிசல், தக்காணத்தில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் உறைந்து கிடக்கும் எரிமலைக் குழம்பிலிருந்து தோன்றியது. நம் தென் ஜில்லாக்களின் கரிசலோ அவ்வாறன்றிப் பழைய பாறைகள் சிதைந்து வறண்ட தட்பவெப்பத்தில் உருவானது. நிறம் ஒன்று, பிறப்பு வேறு. எனவேதான் மண்ணின் நிறம், ஆழம், நீர் தாங்கும் சக்தி எல்லாவற்றையும் சேர்த்து ஆராய்கிறார்கள்.

நெசவாளரான அங்கத்தினருக்கும் இதில் செய்தி உண்டு. தென் கரிசலின் மானாவாரியில் முன்னாளில் பெரிதும் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழையுடையது. முரட்டு நூலுக்கே ஏற்றது. கொங்குநாட்டில் கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கம்போடியாப் பருத்தி அதனினும் நீண்ட இழையுடையதாகையால், உயர்ந்த நம்பர் நூலுக்குப் பயன்பட்டது. ஒரு புடவையின் நயம் தறிமேட்டில் தொடங்குவதன்று, மண்ணிலேயே தொடங்குகிறது.

கோடு எப்படி விழுகிறது?

இவ்வளவும் தெரிந்த பின் எல்லையைக் கீறுவது எப்படி? தரை, மழை, மண், தாவரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவில் தனித்தனிப் படம் வரைகிறார்கள். பின்னர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். பல படங்களின் கோடுகள் ஓரிடத்தில் நெருங்கி ஓடினால் அங்கே எல்லை தெளிவாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடு அத்தகையது. அங்கே உயரம், மழை, மண், காடு நான்கும் ஒருசேர மாறுகின்றன.

எல்லா இடத்திலும் இயற்கை இவ்வளவு தாராளமாய் உதவுவதில்லை. சமவெளியில் மழை சிறிது சிறிதாகக் குறையும். செம்மண் சிறிது சிறிதாகக் கரிசலோடு கலக்கும். அங்கே அறிஞர் இடும் கோடு, உண்மையில் ஒரு கோடன்று. பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையின் நடுவே போட்ட அடையாளம். ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் தன்மை முழுமையாய் விளங்கும் ஒரு நடுப்பகுதி உண்டு; ஓரங்களில் அத்தன்மை மங்கிப் பக்கத்துப் பிரிவின் சாயல் ஏறும். ஓரத்தில் வாழும் விவசாயி இதை மறக்கலாகாது.

மற்றொரு நுட்பமும் உண்டு. சில பிரிவுகள் உலகில் ஓரிடத்திலேயே உள்ளவை. காவிரிப் பாசன நிலம் அத்தகையது. வேறு சில, ஒரே தன்மையுடன் பல இடங்களில் சிதறிக் கிடப்பவை. நீலகிரியும் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் பழனிமலையும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆயினும் மலைப்பிரதேசம் என்னும் ஒரே வகையில் அடங்கும். தூரத்தில் இருப்பவர் தன்மையில் நமக்கு உறவினராகவும், பக்கத்தில் இருப்பவர் வேறாகவும் இருக்கக்கூடும்.

எத்தனை பிரிவுகள்?

இந்நாட்டில் இயற்கைப் பிரிவுகள் எத்தனை என்று கேட்டால் அறிஞர்கள் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. ஸ்பேட் என்பவர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மலை, சமவெளி, தீபகற்பம் என மூன்று பெரும் பிரிவுகளை அடிப்படையாகக் கொண்டார். காசியைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். எல். சிங்கைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1971ஆம் ஆண்டில் வெளிவந்த நூல், நாட்டை 4 பெரும் பிரிவுகளாகவும் அவற்றை 28 நடுத்தரப் பிரிவுகளாகவும் பகுத்து, மேலும் சிறு பிரிவுகளுக்குச் சென்றது. பாடப்புத்தகம் ஆறு என்கிறது.

இவற்றுள் எது சரி என்பது பொருத்தமான கேள்வியன்று. எந்தக் காரியத்துக்காக, எவ்வளவு நுட்பமாக வகுத்தார்கள் என்பதே கேட்க வேண்டியது. ஜவுளிக் கடையில் துணியை நூல் நம்பர்படியும் அடுக்கலாம், நிறத்தின்படியும் அடுக்கலாம், விலையின்படியும் அடுக்கலாம். துணி மாறுவதில்லை, கேட்க வருபவரின் தேவையே அடுக்கை மாற்றுகிறது. இயற்கை நமக்குத் தருவது வேறுபாடுகளை. பிரிவுகளை ஆக்குபவர் மனிதர்.

விவசாயத்துக்கென வகுத்த பிரிவுகள்

பயிர்த்தொழிலை நோக்கமாகக் கொண்டு வகுத்த பிரிவுகளே நமக்கு மிக வேண்டியவை. 1988ஆம் ஆண்டில் அன்றைய திட்டக் கமிஷன் நாட்டை 15 வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்தது. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு நிறுவனம், தரை, மண், தட்பவெப்பம் இவற்றோடு ஈரநாட்களின் கணக்கையும் சேர்த்து, 1992ஆம் ஆண்டில் 20 வேளாண் சூழல் பிரதேசங்களை வகுத்தது; பின்னர் அவை 60 உட்பிரிவுகளாக விரிந்தன.

தமிழ்நாடு ஏழு வேளாண் மண்டலங்களாக வகுக்கப்பட்டுள்ளது. வடகிழக்கு மண்டலம், வடமேற்கு மண்டலம், மேற்கு மண்டலம், காவிரிப் பாசன மண்டலம், தெற்கு மண்டலம், கன்னியாகுமரியை உள்ளடக்கிய மிகுமழை மண்டலம், மலை மண்டலம் என்பன அவை. மேலே நாம் கண்ட தர்மபுரி அங்கத்தினர் வடமேற்கு மண்டலத்தவர். கோயில்பட்டி அங்கத்தினர் தெற்கு மண்டலத்தவர். அவர்களுடைய வழக்கு இப்போது தீர்ந்தது. முன்னவர் தென்மேற்குப் பருவத்தின் பங்கை மிகுதியாய்ப் பெறுபவர். பின்னவர் வடகிழக்குப் பருவத்தையே நம்பியவர். விவசாயப் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையங்களும் விதை ரகத்தையும் விதைப்புக் காலத்தையும் சிபாரிசு செய்யும்போது இத்தகைய மண்டலங்களை ஆதாரமாகக் கொள்கின்றன. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் காவிரிப் பாசன நிலத்தின் நடுவே அமைந்திருப்பதும், கோயில்பட்டி ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசலில் அமைந்திருப்பதும் இக்கருத்துப் பற்றியே.

கோட்டினால் வரும் லாப நஷ்டம்

இதுவரை சொன்னது கல்வி. இனிச் சொல்வது பணம். நம் சங்கங்கள் வழங்கும் பயிர்க்கடனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்னும் அளவைப் பயிர்வாரியாக ஜில்லா அளவிலான தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்கிறது. ஜில்லா என்பதோ ஆட்சிப் பிரிவு. ஒரே ஜில்லாவில் இரண்டு இயற்கைப் பிரிவுகள் இருந்து, இரண்டிலும் சாகுபடிச் செலவு வேறுபட்டால், ஒரே அளவு இருவருக்கும் எப்படிப் பொருந்தும்?

பயிர்க் காப்பீட்டில் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வறட்சி போன்ற பரவலான நஷ்டத்தை ஒவ்வொரு வயலாக அளப்பதில்லை. வருவாய்க் கிராமம் அல்லது பிர்க்கா போன்ற அறிவிக்கப்பட்ட பகுதிக்குச் சராசரி மகசூலைக் கண்டு, அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் மட்டுமே இழப்பீடு வழங்குகிறார்கள்.

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பிர்க்காவில் 100 ஏக்கர் நிலக்கடலை. அதில் 60 ஏக்கர் ஈரம் காக்கும் ஆழமண்; 40 ஏக்கர் சரளை மேடு. மழை குறைந்த ஓர் ஆண்டில் ஆழமண்ணில் ஏக்கருக்கு 12 மூட்டையும், மேட்டில் 3 மூட்டையும் விளைந்தன என்று கொள்வோம். மொத்தம் 840 மூட்டை; சராசரி 8.4 மூட்டை. இழப்பீட்டுக்குரிய எல்லை 8 மூட்டையானால், அந்தப் பிர்க்காவில் எவருக்கும் ஒரு காசும் வராது. மேட்டுநிலத்து விவசாயியின் முழு நஷ்டமும் பக்கத்து ஆழமண்ணின் விளைச்சலுக்குள் மறைந்துவிடுகிறது. இரண்டு இயற்கைப் பிரிவுகளை ஒரே ஆட்சிப் பிரிவாகக் கட்டியதன் விளைவு இது. இதில் எவரும் பொய் சொல்லவில்லை. அளந்தவரும் சரியாகவே அளந்தார். பிழை கோடு விழுந்த இடத்தில் இருக்கிறது.

நெசவாளருக்கும் கோடு உண்டு

வயலுக்கு மட்டுமே இந்த விஷயம் என்று நெசவாளத் தோழர்கள் எண்ண வேண்டாம். பாவடியில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த வெயில் வேண்டும். நெய்யும்போதோ காற்றில் ஓரளவு ஈரம் வேண்டும்; இல்லையேல் இழை அறும். மழைக்காலத்தில் குழித்தறியின் குழியில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும். கிழக்குக் கரை ஜில்லாக்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் நெசவுக்கு மந்தமானவை என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். மேற்கு ஜில்லாக்களிலும் அம்மாதங்களில் மழை உண்டெனினும், அடைமழை நாட்கள் கிழக்குக் கரையளவு இரா. ஆகவே நூல் இருப்பு, கூலி முன்பணம், நடைமுறை மூலதனக் கடன் ஆகியவற்றை எல்லாச் சங்கங்களுக்கும் ஒரே மாதக் கணக்கில் திட்டமிடுவது பொருந்தாது.

கொங்குநாட்டில் பஞ்சாலைகள் பெருகியதற்கும் இயற்கையின் கை உண்டு. சுற்றிலும் பருத்தி விளையும் மண். கணவாய் வழியே வரும் காற்றின் இதம். நீலகிரியின் செங்குத்தான சரிவில் விழும் நீர். அந்நீரிலிருந்து 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபோது ஆலைகள் விரைவாகப் பெருகின. மலை, கணவாய், கரிசல் மூன்றும் அருகருகே அமைந்தது ஓர் இயற்கைப் பிரிவின் கொடை. அதைப் பயன்படுத்தியது மனித முயற்சி.

எல்லை அசையும்

பாலையைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்றோம். தட்பவெப்பப் பிரிவுகள் பல ஆண்டுச் சராசரியின்மேல் நிற்பவை. சராசரி மாறினால் கோடும் நகர வேண்டும். 2022ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறை, 1961 முதல் 2010 வரையான கணக்கை விடுத்து, 1971 முதல் 2020 வரையான கணக்கை ஆதாரமாகக் கொண்டது. அதன்படி நாட்டின் தென்மேற்குப் பருவமழைச் சராசரி 880.6 மில்லிமீட்டரிலிருந்து 868.6 மில்லிமீட்டராகக் குறைந்தது. நாடு முழுமைக்கும் இது சிறு மாறுதலாகத் தோன்றலாம். ஆனால் ஓரத்தில் இருக்கும் ஊர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது இத்தகைய சிறு மாறுதல்களாலேயே தீர்மானமாகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வகுத்த மண்டலத்தை மாறாத சட்டமாகக் கொள்ளாமல், அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியவை

பெரிய படங்களை அறிஞர்கள் வரையட்டும். ஒரு பிர்க்காவுக்குள் இருக்கும் மேட்டையும் பள்ளத்தையும் அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் நம் அங்கத்தினர்களே. அந்த அறிவு தனித்தனி மனங்களில் கிடக்கிறது, எழுத்தில் ஏறவில்லை. இதைச் சங்கம் செய்யலாம்.

முதலாவது, சங்கக் கட்டடத்திலும், தன்மை வேறுபட்ட இரண்டொரு இடங்களிலும் மழைமானிகளை வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளவைக் குறிக்கலாம். வானிலைத் துறையினரும் அந்நேரத்திலேயே அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் பெய்தால் ஏறத்தாழ 4,047 லிட்டர் நீர். ஆகவே அது அற்பமான கணக்கன்று.

இரண்டாவது, அங்கத்தினர் பதிவேட்டில் சர்வே எண்ணுடன் மண்ணின் வகை, ஆழம், மேடா பள்ளமா, பாசனம் உண்டா என்பவற்றையும் குறிக்கலாம். அப்போது சங்க எல்லைக்குள்ளேயே இரண்டோ மூன்றோ இயற்கைப் பிரிவுகள் தாமே தெரியவரும்.

மூன்றாவது, ஒவ்வொரு பிரிவிலும் எந்த ரகம், எந்த வாரம் விதைத்தது, எவ்வளவு மகசூல் தந்தது என்று ஆண்டுதோறும் எழுதிவைக்கலாம். ஐந்தாறு ஆண்டுக் கணக்குக் கையில் இருந்தால், கடன் அளவை நிர்ணயிக்கும்போதும், காப்பீட்டுப் பகுதியை அறிவிக்கும்போதும் நம் பிரதிநிதிகள் வெறும் குறை சொல்பவர்களாகப் போகாமல், ஆதாரத்துடன் போவார்கள். "எங்களுக்கு நஷ்டம்" என்று சொல்வதைவிட, "இந்தப் பிர்க்காவில் இரண்டு விதமான நிலம் இருக்கிறது; இதோ கணக்கு" என்று சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

நான்காவது, புதிய ரகமோ புதிய முறையோ வேறோர் ஊரில் வெற்றி கண்டது என்று கேள்விப்பட்டால், அவ்வூர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், அதன் மழை மாதம் எது, மண்ணின் ஆழம் எவ்வளவு என்று கேட்டறிவோம். விடை நம் நிலத்தோடு ஒத்திருந்தால் முதலில் சிறு பரப்பில் செய்து பார்ப்போம். ஒவ்வாதிருந்தால், அண்டை ஊரின் வெற்றியாயினும் அதை விட்டுவிடுவோம்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன முன்னோர், "தேடி" என்னும் சொல்லை வீணாக வைக்கவில்லை. பட்டம் எல்லோருக்கும் ஒரே நாளில் தானாக வந்து சேர்வதன்று. ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தை அறிந்து தேடிக் கொள்ள வேண்டியது. தனி ஒருவர் தேடினால் ஒரு வயலுக்கே விடை கிடைக்கும். சங்கமாகச் சேர்ந்து தேடினால் ஒரு பிரதேசத்துக்கே விடை கிடைக்கும். வரும் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மழைமானிக்கும் மண் பதிவேட்டுக்கும் ஓர் இடம் ஒதுக்குமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.